மூட்டம் என்று சொன்ன மாலை

அந்தக் குடியிருப்பில் அவளைப் பல்லக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். பல் மருத்துவர்கள் அனுப்பும் அளவுகளை வைத்துச் செட் பல் செய்து தரும் கூடத்தில் வேலை. சேர்ந்தபோது கருகருவென்று இருந்த முடி இப்போது பாதி நரைத்துவிட்டது. புதிதாகக் குடிவந்த யாராவது, "பல்லக்கா, பல்லக்கான்னு கூப்பிடறாங்களே, உங்க பேரே பல்லக்கா?" என்று கேட்டால், "பல்லக்குதான். தூக்க நாலு ஆள்தான் இன்னும் கிடைக்கல" என்பாள்.

வேலையில் அவள் அவசரப்பட மாட்டாள். ரப்பர் அச்சில் ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றுவாள், அது இறுகும்வரை காத்திருப்பாள், மெழுகில் ஈறு செதுக்குவாள், ஒவ்வொரு பல்லாக நட்டு மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் கடிக்கவிட்டுப் பார்ப்பாள். பொறுமைதான் முதலீடு என்று கூடத்தின் முதலாளி சொல்வார். அந்தப் பொறுமை வீட்டுக்கும் வந்தது. வீட்டில் அதற்கு வேலையும் இருந்தது.

கல்யாணம் செய்துகொண்டவர் அந்தக் கூடத்துக்கு மெழுகும் மாவும் விற்க வந்தவர். சிரித்த முகம், இனிக்க இனிக்கப் பேச்சு. கூடத்துப் பெண்கள் அவருக்கு மெழுகுக்காரர் என்று பெயர் வைத்திருந்தார்கள். மகளுக்கு ஐந்து வயதாகும்போது வேறு ஊரில் விற்பனை பார்க்கப் போகிறேன் என்று ஒரு பெட்டியோடு கிளம்பினார். முதலில் போன் வந்தது, பிறகு எப்போதாவது வந்தது, பிறகு நின்றுவிட்டது. அங்கே அவருக்கு இன்னொரு குடும்பம் என்று மூன்றாம் மனிதர் மூலமாகத்தான் அவளுக்குத் தெரியவந்தது. அவள் ஊரைக் கூட்டவில்லை. மகள் கேட்கும்போதெல்லாம், "அப்பா போயிட்டார். ஏன் போனார்னு அவரைத்தான் கேக்கணும்" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவரைப் பற்றி நல்லதாகவும் சொன்னதில்லை, கெட்டதாகவும் சொன்னதில்லை. மகள் வளர்ந்து, படித்து, ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். ஆனாலும் வீட்டில் இன்னும் பாப்பாதான்.

எதிர்வீட்டுக்காரி கார் ஓட்டக் கற்றுத் தருபவள். ஸ்டியரிங் என்று பெயர். தடித்த குரல், எதற்கும் அஞ்சாத சுபாவம். எத்தனையோ பேரின் கையிலும் காலிலும் உயிரை ஒப்படைத்துவிட்டுப் பக்கத்து இருக்கையில் பாட்டுக் கேட்கிறவள். இரண்டு கதவுக்கும் நடுவில் நான்கு எட்டு தூரம்தான். ஒரு வீட்டில் குழம்பு கொதித்தால் மறுவீட்டுக் கிண்ணம் தானாக வந்து நிற்கும். பாப்பாவுக்கு அம்மை போட்டபோது ராப்பகலாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஸ்டியரிங். பல்லக்காவுக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. அந்தக் குறையை அவள் உணர்ந்ததும் இல்லை.

டைம்லாப்ஸ் பைத்தியம் பிடித்தது தற்செயலாகத்தான். தெருவுக்கு மேற்கே காலிமனையில் ஒரு அடுக்குமாடி எழும்பத் தொடங்கியது. அது எழும்புவதைத் தினமும் ஒரே இடத்தில் நின்று போனில் ஒரு படம் எடுத்துவைத்தாள். எல்லாவற்றையும் கோத்து ஓடவிட்டபோது, தரையிலிருந்து கட்டடம் பால் பொங்குவதுபோல் பொங்கி எழுந்தது. பார்த்துவிட்டு அவளும் ஸ்டியரிங்கும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கட்டடம் முடிந்தபோது பால்கனியிலிருந்து தெரிந்த மேற்கு வானம் மொத்தமும் மறைந்துபோயிருந்தது. ஆனால் ஆசை ஒட்டிக்கொண்டது. அவள் பழைய கேமரா ஒன்று வாங்கினாள். முக்காலி ஸ்டியரிங்குடையது, காரும் அவளுடையது. விடுமுறை நாட்களில் இருவரும் ஊருக்கு வெளியே போய் மேகம் ஓடுவதையும், பூ விரிவதையும், ஏரியில் நிழல் நீள்வதையும் எடுத்தார்கள். சில நொடிக்கு ஒரு படம் என்று கேமரா தானாகச் சொடுக்கிக்கொண்டே இருக்கும். இவர்கள் பக்கத்தில் பாய் விரித்துக் கதை பேசுவார்கள். படம் சுமாராகத்தான் வரும். கதை நன்றாக வரும்.

அந்த வருடம் வால்மீன் வருகிறது என்று செய்தி வந்தது. சூரியன் மறைந்த பிறகு மேற்கில் தாழ்வாக, சில மாலைகள் மட்டும் வெறுங்கண்ணுக்கே தெரியும், போனால் நம் ஆயுளில் திரும்பாது என்றார்கள். பல்லக்கா மாவு கரைக்கும்போதுகூட அதே நினைப்பாக இருந்தாள். அந்திநேரப் படம் எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் குறையும். கேமராவில் முதலில் வைத்த ஒளி அளவு கொஞ்ச நேரத்தில் போதாமல் போகும். பக்கத்திலேயே இருந்து, கேமரா அசையாமல், விரல் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போகவேண்டும். இதைப் பழகுவதற்காகவே வால்மீன் வருவதற்கு முன் பல மாலைகள் இருவரும் ஏரிக்கரைக்குப் போனார்கள். ஓரிரு தடவை பாப்பாவும் கூட வந்தாள். பல்லக்கா அவளுக்கும் கற்றுக்கொடுத்தாள். "அமுக்காதே, தொடு. பல்லுல கூச்சம் இருக்கறவங்க வாயில கைவைக்கிற மாதிரி" என்றாள். பாப்பா சீக்கிரமே பிடித்துக்கொண்டாள்.

வால்மீன் வந்த முதல் மாலை அடிவானத்தில் புகைமாதிரி மங்கல். மறுநாளும் அப்படித்தான், ஏதோ ஒரு கீறல் தெரிந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். அடுத்த மாலை நன்றாகத் தெரியும், அதற்குப் பிறகு நிலா வந்து கெடுத்துவிடும் என்று எல்லா இடத்திலும் சொன்னார்கள். கேமராப் பையை எதற்கு ஏற்றி இறக்கவேண்டும், காரிலேயே இருக்கட்டும் என்றாள் ஸ்டியரிங். பல்லக்காவும் சரி என்றுவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் கூடத்துக்கு ஸ்டியரிங்கின் போன் வந்தது. கிளட்ச் போய்விட்டது, வண்டி மெக்கானிக்கிடம் நிற்கிறது, இன்றைக்கு வராது என்றாள். பல்லக்கா பஸ்ஸில் போகலாமே, மெக்கானிக்கிடம் வந்து பையை எடுத்துக்கொள்கிறேனே என்றாள். அதற்கு ஸ்டியரிங், ஏரிப் பக்கம் குடியிருக்கும் தன் அண்ணனிடம் கேட்டுவிட்டதாகவும், அங்கே வானம் ஒரே மூட்டம் என்று அவர் சொன்னதாகவும் சொன்னாள். "போய் நின்னு ஏமாந்துட்டு வரணுமா? விடுடி. நமக்குக் குடுத்துவைக்கல." அந்தக் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. பிறகு பல நாள் பல்லக்கா யோசித்துப் பார்த்தது அந்த வருத்தத்தைப் பற்றித்தான். கொஞ்ச நேரத்தில் பாப்பாவும் ஒரு செய்தி அனுப்பினாள். அலுவலகத்தில் வேலை அதிகம், வர நேரமாகும், காத்திருக்க வேண்டாம்.

சாயங்காலம் கை கழுவப் போனபோது, பின்பக்கச் சன்னல் வழியாக வெளியே பார்த்தாள். வானம் துடைத்து வைத்த கண்ணாடிபோல் இருந்தது. மேகம் என்று பேருக்குக்கூட இல்லை. ஸ்டியரிங்கின் அண்ணனுக்குக் கண்ணில் கோளாறு என்று நினைத்துக்கொண்டாள். ஸ்டியரிங்குக்குப் போன் போட்டாள், அணைத்துவைக்கப்பட்டிருந்தது. பாவம், மெக்கானிக் கடையில் கொசுக்கடியில் உட்கார்ந்திருப்பாள். பல்லக்கா மேலங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு, முதலாளியிடம் சொல்லிக்கொண்டு, ஏரிக்குப் போகும் பஸ்ஸைப் பிடித்தாள். கேமரா இல்லாவிட்டால் என்ன, கண்ணால் பார்த்துவிட்டு, போனில் முடிந்ததை எடுத்துவந்து ஸ்டியரிங்குக்குக் காட்டலாம். அவள் முகத்தில் ஒரு சிரிப்பாவது வரும். பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து இதைத்தான் நினைத்துக்கொண்டு போனாள்.

கடைசி நிறுத்தத்தில் இறங்கி, மண்பாதையில் நடந்து, கரைமேல் ஏறினாள். சூரியன் மறைந்து மேற்கு செம்பும் நீலமுமாக இருந்தது. கரையின் மறுசரிவில், அவர்கள் வழக்கமாக நிற்கும் இடத்தில், கூரையில் பயிற்சிப் பலகை வைத்த அந்தக் கார் நின்றது.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். கிளட்ச் சரியாகிவிட்டது, திருட்டுக் கழுதை என்னைத் திகைக்க வைக்கத்தான் போனை அணைத்திருக்கிறாள் என்று எண்ணினாள். கூப்பிட வாயைக்கூடத் திறந்துவிட்டாள். அப்போது கேமரா சொடுக்கும் சத்தம் கேட்டது. ஒன்று, கொஞ்சம் இடைவெளி, இன்னொன்று. அவள் வைத்த இடைவெளி. முக்காலிக்குப் பக்கத்தில் குனிந்து நின்று விரல் நுனியால் திருகிக்கொண்டிருந்தது பாப்பா. பின்னால் விரித்திருந்த பாயில் ஸ்டியரிங் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குச் சற்றுத் தள்ளி ஒரு ஆண் உட்கார்ந்திருந்தார். பாப்பா திரும்பி அவரிடம் ஏதோ சொல்லிக் கையை மேற்கே நீட்டினாள். அவர் எழுந்து அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தார். இடது தோளைக் கொஞ்சம் தாழ்த்தி நிற்கும் அந்த நிலையை, பெட்டி தூக்கித் தூக்கிப் பழகிய அந்தத் தோளை, எத்தனை வருடம் கழித்தும் பல்லக்காவால் அடையாளம் காணாமல் இருக்க முடியவில்லை.

அவர்கள் பார்த்த திசையில் அவளும் பார்த்தாள். அங்கே இருந்தது. வெளிச்சம் வடிய வடிய அது துலங்கிவந்தது. கீழே தலை ஒரு புள்ளியாக, மேலே வால் சாய்ந்து நீண்டு, யாரோ சுண்ணக்கட்டியால் ஒரே இழுப்பில் இழுத்துவிட்ட மாதிரி. இவ்வளவு நாள் இதற்காகக் காத்திருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். ஆனால் மனதில் எதுவும் ஏறவில்லை.

இறங்கிப் போய் அந்த முக்காலியை எட்டி உதைத்திருக்கலாம், கத்தியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள் என்று பின்னாளில் கூடத்துப் பெண்கள் சொன்னார்கள். அவள் நகரவில்லை. படம் ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் குறுக்கே போகக்கூடாது, தரை அதிரக்கூடாது. அது அவளே எல்லோருக்கும் போட்ட சட்டம். கோபம் உச்சந்தலைக்கு ஏறிய அந்த நேரத்திலும் அந்தப் பழக்கம் அவளைக் கட்டிப்போட்டது. வால்மீன் சரிந்து சரிந்து எதிர்க்கரை மரங்களைத் தொட்டு, மறைந்தது. பாப்பா கேமராவை நிறுத்தினாள். அதன் பிறகுதான் பல்லக்கா சரிவில் இறங்கினாள்.

முதலில் பார்த்தது ஸ்டியரிங். பாயை விட்டு எழுந்தாள்.

"கிளட்ச் சரியாயிடுச்சா?" என்று கேட்டாள் பல்லக்கா.

பாப்பா முக்காலியை விட்டு விலகி வந்தாள். "அம்மா, நானே சொல்லணும்னுதான்…" என்று தொடங்கி நின்றாள்.

"எத்தனை நாளா?"

பாப்பா ஸ்டியரிங்கைப் பார்த்தாள். அந்தப் பார்வையே போதுமானதாக இருந்தது. சொல்லி முடித்தது ஸ்டியரிங்தான். இரண்டு வருடத்துக்கு முன்பு இவர் இந்த ஊருக்கே மாறி வந்திருக்கிறார். கார் ஓட்டப் பழகவேண்டும் என்று இவளிடமே வந்து சேர்ந்திருக்கிறார். யார் எதிர்வீட்டில் இருக்கிறார்கள் என்று தெரிந்தேதான் வந்திருக்கிறார். நாலாம் பாடத்திலோ ஐந்தாம் பாடத்திலோ வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதிருக்கிறார். மகளை ஒரே ஒரு தடவை பார்த்தால் போதும் என்றிருக்கிறார். ஒரு தடவை பல தடவையாயிற்று. மறுவாரம் அவர் மறுபடி வேறு ஊருக்குப் போகிறார். வால்மீனை அப்பாவோடு பார்க்கவேண்டும் என்று பாப்பா ஆசைப்பட்டாள்.

"உனக்குச் சொன்னா நீ தாங்கமாட்டேன்னுதான்டி" என்றாள் ஸ்டியரிங். "உன்னை நோகடிக்கக்கூடாதுன்னுதான் இத்தனை நாள் வாயை மூடிட்டு இருந்தேன்."

"நீதானம்மா சொன்ன, அவரைத்தான் கேக்கணும்னு" என்றாள் பாப்பா. "நான் அவரைத்தான் கேட்டேன்."

பல்லக்கா மகளைப் பார்த்தாள். அவள் சொன்னது பொய்யில்லை. தன் வாயால் சொன்னதை மகள் எடுத்து நீட்டும்போது அவளால் மறுக்க முடியவில்லை.

"அவர் உன் அப்பா. நீ பார்த்ததுக்கு நான் குறுக்க நிக்க மாட்டேன். கஷ்டப்பட்டாவது முழுங்கியிருப்பேன்." பிறகு ஸ்டியரிங்கின் பக்கம் திரும்பினாள். "ஆனா வானம் மூட்டம்னு சொன்ன பாரு. என் கேமராவை வண்டியில வெச்சுக்கிட்டு, குரல்ல வருத்தத்தையும் வெச்சுக்கிட்டு. அதை எப்படி முழுங்கறது?"

மெழுகுக்காரர் ஒரு எட்டு முன்னால் வந்தார். எல்லாம் தன் தவறு, யாரையும் குறை சொல்லாதே என்கிற மாதிரி ஏதோ சொன்னார். அதே இனிக்கிற குரல். முடிக்கு மை பூசியிருந்தது கேமராத் திரை வெளிச்சத்தில் தெரிந்தது. முன்பற்கள் இரண்டும் கட்டிய பற்கள், நிறம் ஒட்டாமல் வெள்ளையாகத் துருத்திக்கொண்டிருந்தன, யாரோ அரைகுறை செய்த வேலை. அதை மட்டும் கவனித்துவிட்டு, அவரைத் தாண்டிப் போனாள். முக்காலியிலிருந்து கேமராவைக் கழற்றினாள். முக்காலியில் பொருத்த அதன் அடியில் திருகியிருந்த தகடு ஸ்டியரிங்குடையது. பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து, நிதானமாகத் திருகிக் கழற்றி, காரின் முன்பக்க மூடிமேல் வைத்தாள். கேமராவைத் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டாள்.

காரில் போகலாம் என்று பாப்பா கெஞ்சினாள். அவள் தலையை ஆட்டிவிட்டுக் கரை ஏறினாள். ஏறும்போது பின்னால் காலடிச் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டுதான் ஏறினாள். வரவில்லை. மேலே போய்த் திரும்பிப் பார்த்தபோது, பாப்பா பாதி வழியில், காருக்கும் கரைக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு நிமிடம் நின்றாள். பிறகு காரின் பக்கம் போனாள்.

அதுதான் அவளை உடைத்தது. பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு, சன்னல் கம்பியில் நெற்றியை வைத்து அழுதாள். பக்கத்தில் இருந்த பெண் எதுவும் கேட்காமல் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்த பாப்பா மன்னிப்புக் கேட்டாள், அழுதாள். பல்லக்கா சோறு போட்டாள், சாப்பிடு என்றாள். அதற்கு மேல் பேச்சு நீளவில்லை. மறுநாள் காலை, வேலைக்குப் போவதற்கு முன் படங்களைத் திறந்து பார்த்தாள். பார்க்காமலேயே அழித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தாள். ஆனால் படங்கள் அப்படி வந்திருந்தன. வெளிச்சம் ஒரு இடத்திலும் தடுக்கவில்லை, ஒரு படம்கூட அசையவில்லை. செம்பு நிறம் நீலத்தில் கரைய, நீலத்துக்குள்ளிருந்து வால்மீன் மெல்லப் பிறந்து, சரிந்து, தண்ணீரில் தன் சாயலைப் பார்த்துவிட்டு மறைந்தது. தன் கையால் இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது என்று அவளுக்குத் தெரிந்தது. பெருமையும் வயிற்றெரிச்சலும் ஒன்றாகக் கிளம்ப, எது எது என்று பிரித்தறிய முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

அழிக்கவில்லை. ஒரு வாரம், வேலைக்கு முன்னும் பின்னும், அதைக் கோத்துச் சீர்செய்தாள். தங்களைப் போன்றவர்கள் படம் பகிரும் குழுவில் போட்டாள். எடுத்தவர் என்ற இடத்தில் மகளின் பெயரை எழுதினாள். பாராட்டு மழையாகக் கொட்டியது. அன்று சாயங்காலம் பாப்பா போனைக் கையில் பிடித்தபடி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"ஏம்மா என் பேரைப் போட்ட?"

"நீதானே எடுத்த."

"உன் கேமரா. நீ சொல்லிக்குடுத்தது."

"ஆமா. ஆனா அங்க நான் இல்லையே" என்றாள் பல்லக்கா. குத்திக்காட்டச் சொன்னதல்ல, நடந்ததைச் சொன்னாள். ஆனால் பாப்பா அன்று சாப்பிடவில்லை.

எதிர்வீட்டோடு ஒட்டு அறுந்தது. நான்கு எட்டு தூரம்தான், ஆனால் கதவைத் திறப்பதற்கு முன் மறுகதவு மூடியிருக்கிறதா என்று கவனித்துத் திறக்கும்படி ஆயிற்று. ஸ்டியரிங் இரண்டு முறை வந்து தட்டினாள். ஒருமுறை பல்லக்கா திறக்கவில்லை. மறுமுறை திறந்து, "சொல்லு" என்று வாசலிலேயே நின்றாள். நிற்கவைத்துப் பேசினால் என்ன பேச முடியும், ஸ்டியரிங் திரும்பிவிட்டாள். ஆயத்தமாக வைத்திருந்த கோபம் அப்படியே கையில் நிற்க, பல்லக்கா கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் அதில் சாய்ந்து நின்றாள். அவளுக்கு ஸ்டியரிங் வேண்டியிருந்தது. நடந்ததையெல்லாம் சொல்லி அழ ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் எதிர்வீட்டில்தான் இருந்தாள்.

அடுத்த வருடம் ஸ்டியரிங் வேறு தெருவுக்குக் குடிமாறினாள். சாமான்களை இறக்கிக்கொண்டிருந்த அன்று படியில் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். "நான் செஞ்சது தப்புன்னு எனக்கு இப்பவும் தோணல" என்றாள் ஸ்டியரிங். "சொன்ன விதம்தான் தப்பு."

"சொன்ன விதமா?" என்றாள் பல்லக்கா. "நீ சொல்லவே இல்லையே."

ஸ்டியரிங் கையில் இருந்த மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

அதற்குப் பிறகு ஒருமுறைதான் அவளைப் பற்றித் தெரிந்தது. அதுவும் நேரில் அல்ல. ஒரு மருத்துவர் அனுப்பிய அளவு கூடத்துக்கு வந்தது, பெயர் இல்லை, வெறும் எண். அச்சில் மாவு ஊற்றிப் பிரித்தெடுத்ததும் பல்லக்காவுக்குத் தெரிந்துவிட்டது. கீழ்வரிசையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிய அந்த இரண்டு பற்களை, வாய்விட்டுச் சிரிக்கும்போது எத்தனை ஆயிரம் முறை பார்த்திருப்பாள். மேல் கடைவாய்ப் பல்லுக்கு ஒரு உறை வேண்டுமாம். பக்கத்து மேசைக்குத் தள்ளியிருக்கலாம், தள்ளவில்லை. தானே செய்தாள். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பார்த்து, கடி சரியாக உட்காரும்வரை தேய்த்து, பெட்டியில் வைத்து அனுப்பினாள். உள்ளே ஒரு வார்த்தை எழுதி வைக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

பாப்பாவுக்கு வேறு ஊரில் வேலை மாற்றமாயிற்று. மாதம் ஒருமுறை வருகிறாள். வரும்போது ஏதாவது வாங்கி வருகிறாள், அம்மாவின் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொள்கிறாள், அலுவலகத்துக் கதைகளைச் சொல்லிச் சிரிக்கவைக்கிறாள். இருவருக்கும் இடையில் பாசம் குறைந்துவிடவில்லை. ஆனால் அவள் பேசிக்கொண்டிருக்கும்போது, அவள் சொல்லாமல் விட்டது என்னவாக இருக்கும் என்று பல்லக்காவின் மனம் தன்னை அறியாமல் துழாவுகிறது. முன்பு அப்படிக் கிடையாது.

ஒரு தடவை அவள் மகளிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. "எங்க வேணா போ. யாரை வேணா பாரு. எங்கிட்ட சொல்லிட்டுப் போ." பாப்பா அதைத் தவறாமல் கடைப்பிடிக்கிறாள். திரும்பிப் போகிற நாளில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்பைப் போட்டபடியே சொல்வாள். "அம்மா, போற வழியில அப்பா வீட்டுக்கும் போயிட்டுப் போறேன்."

ஒவ்வொரு முறையும் அது முதல் முறை கேட்பதுபோல்தான் சுருக்கென்று தைக்கிறது. பல்லக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "சரி, பார்த்துப் போ" என்கிறாள்.